வரம்பற்ற இடம்*

1

இந்தக் கதை ஒரு கடிகாரத்தைப் பார்த்துப் பயந்ததில் உண்டானது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை, மன்னிக்கவும்.

வெப்சைட் வைக்க இணையத்தில் இடம் விற்கிற ஒரு கம்பெனியின் பக்கம். அதன் நெற்றியில் சிவப்பாக ஒரு கடிகாரம் கீழ்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. 'சலுகை முடிய இன்னும் கால் மணி நேரமே!' அப்பாவின் கார்டு எங்கே, கார்டு இருக்கிற சட்டை எங்கே என்று வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு வந்து பார்த்தால் கடிகாரத்தில் பூஜ்யம். போச்சு, குடி முழுகிப் போச்சு என்று பக்கத்தை மறுபடி திறந்தேன். மறுபடியும் கால் மணி நேரம். செத்துச் செத்துப் பிழைக்கிற இந்தக் கடிகாரத்துக்கா இவ்வளவு நடுங்கினேன் என்று அவமானமாக இருந்தது. ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. கடிகாரம்தான் பொய், கெடு உண்மை. சனிக்கிழமை காலைக்குள் அம்மாவின் வெப்சைட் புது இடத்துக்குக் குடிபோயாக வேண்டும். மாற்றுவதற்கே ஒரு முழு நாள் ஆகுமாம். இன்று வியாழன் இரவு. எல்லோரும் தூங்கிவிட்டார்கள், அடுத்த அறையில் தையல் மெஷின் முன்னால் இருக்கிற அம்மாவைத் தவிர. விடிவதற்குள் நான் இடம் வாங்கிவிட வேண்டும்.

அதனால் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தலைக்கு மேல் வேலை இருக்கும்போதுதான் இலக்கியம் பொத்துக்கொண்டு வருகிறது.

இனி இதில் 'அவள்' என்று ஒருத்தி வருவாள். வயது பதினாறு, நகம் கடிப்பாள். அவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களே துப்பறிந்த மாதிரி புருவத்தை உயர்த்த வேண்டாம். 'நான்' என்று எழுதினால் பயம் கூடுகிறது. 'அவள்' என்றால் கொஞ்சம் குறைகிறது. அவ்வளவுதான் தத்துவம்.

* தலைப்பில் உள்ள நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தீர்களா? நல்ல பழக்கம். இடம் விற்கிறவர்கள் உண்மையை எப்போதும் அடியில்தான் வைக்கிறார்கள். நானும் கற்றுக்கொண்டேன்.

2

முதல் வரிக்கான முயற்சிகள்:

"அன்றிரவு மழை பேயாகக் கொட்டி—" மழை இல்லை. கதை என்றதும் எனக்கு ஏன் மழை வருகிறதோ.

"ஜன்னல் வழியே நிலா அவளையே பார்த்துக்—" அவள் ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டு ஏ.சி. பெட்டியின் முதுகு. அது யாரையும் பார்க்காது. சொட்டும்.

"இணையம் ஒரு பெருங்கடல். அதில் ஒரு சின்னக் காகிதக் கப்பலாக அம்மாவின்—" இது மாமா பேசுகிற மாதிரியே இருக்கிறது. மாமா பின்னால் வருவார், அவசரமில்லை.

"அம்மா பொம்மை தைக்கிறாள்."

இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இருக்கட்டும்.

3

அம்மா பொம்மை தைக்கிறாள். பகலில் ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை. ஜன்னல் ஜன்னலாக நேர்க்கோடு தைப்பாள். மாலையில் வீட்டுக்கு வந்து கோணலாகத் தைப்பாள். குழந்தைகள் காகிதத்தில் கிறுக்கியதைப் பெற்றோர் அனுப்புவார்கள், அம்மா அதை அப்படியே துணிப் பொம்மையாக்கித் தருவாள். கடைக்குப் பெயரே 'வரைந்தபடி'. நாய்க்கு ஐந்து கால் என்றால் ஐந்து கால்தான். ஐந்தாவது முதுகில் முளைத்திருந்தால் அங்கேதான் தைப்பாள். சக்கரம் வைத்த யானை, காது வைத்த நிலா, வயிற்றில் கதவு வைத்த குதிரை எல்லாம் இந்த வீட்டு வழியாகப் போயிருக்கின்றன.

ஒருமுறை ஓர் அப்பாக்காரர் பொம்மையை வாங்க நேரிலேயே வந்தார். பையன் வரைந்திருந்தது அவரைத்தான்.

"என்னங்க இது, இவ்வளவு பெரிய தொப்பையா எனக்கு?"

"உங்க பையன் போட்டது சார். நான் ஒரு இன்ச் கூட்டல."

"கழுத்தையே காணோமே?"

"அவன் போடல."

"நீங்களா பாத்து ஒரு கழுத்து வச்சிருக்கலாமில்ல?"

"வச்சா அது நான் பண்ண அப்பா சார். அவன் அப்பா இல்ல."

அவர் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

இதுவரை செய்த பொம்மைகள் எல்லாம் வெப்சைட்டில் இருக்கின்றன. இடப்பக்கம் குழந்தை போட்ட படம், வலப்பக்கம் பொம்மை. அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். சைட்டைக் கட்டியது அவள், ஓர் இலவச இடத்தில்.

சென்ற வாரம் டி.வி.யிலிருந்து ஒரு பெண் பேசினாள். சனிக்கிழமை காலைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் அம்மாவின் பொம்மைகளைக் காட்டப்போகிறார்களாம், வெப்சைட் முகவரியோடு. அம்மா ஃபோனை வைத்துவிட்டு, ஏற்கனவே பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். சந்தோஷம் வந்தால் அம்மாவுக்கு அப்படித்தான். பெருக்கி முடிப்பதற்குள் அதே பெண் திரும்பக் கூப்பிட்டாள்.

"மேடம், எங்க ஆபீஸ்ல பத்து பேர் ஒரே நேரத்துல தொறந்தோம். உங்க சைட் அப்படியே படுத்துடுச்சு. சனிக்கிழமை ஆயிரக்கணக்குல தொறப்பாங்க. கொஞ்சம் பாத்துக்கங்க."

4

மாமாவைக் கதையில் வைத்துக்கொள்வதா என்று எனக்குச் சந்தேகம். அவர் இல்லாமலும் கதை நடக்கும். அவர் இல்லாமலும் இந்த வீடு நடக்கும். ஆனாலும் வந்துவிடுகிறார். அம்மாவின் தம்பி. எதைக் கேட்டாலும் தெரியும் என்பார், எதைக் கொடுத்தாலும் குடிப்பார்.

"ஹோஸ்டிங்னா ஒண்ணுமில்லக்கா," என்றார் மாமா. "வாடகை வீடு மாதிரி. நம்ம சைட்டு எங்கயாவது குடியிருக்கணுமில்ல? அதுக்கு ஒரு எடம். இப்ப நாம ஓசி வீட்டுல இருக்கோம். ஓசி வீட்டுக்கு பத்து விருந்தாளி வந்தா ஓனர் சும்மா இருப்பானா? கரண்ட புடுங்கிட்டான்."

"அப்ப எந்த வீடுதான்டா நல்ல வீடு?"

"அதெல்லாம் டெக்னிக்கல்க்கா. விஞ்ஞானிய கேளு."

விஞ்ஞானி என்றால் அவள். ஒருநாள் பிரிண்டர் ஓடாமல் நின்றபோது உள்ளே கையை விட்டு ஒரு ஹேர்பின்னை எடுத்தாள். பிரிண்டர் ஓடியது, பட்டம் வந்தது. அந்த ஹேர்பின் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "எத்தன பேர் ஏறலாம்னு அதுல போட்டிருக்கானா?"

"வரம்பே இல்லன்னு போட்டிருக்குப்பா."

"அப்படி போட்ட லிஃப்ட்டுல நான் ஏற மாட்டேன்."

அதோடு அப்பாவின் பங்களிப்பு முடிந்தது. கை கழுவப் போனவர் விஷயத்தையும் சேர்த்துக் கழுவிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு என்னடி தெரியும்," என்றாள் அம்மா. "உனக்குத்தானே தெரியும். நீ பாத்து எது நல்லதோ அத வாங்கு."

இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். 'உனக்குத்தானே தெரியும்.' கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அதன் பொருள், நாளைக்கு ஏதாவது ஆனால் உன் தலையில்தான் விடியும் என்பது. பெரியவர்களுக்குப் புரியாத ஒன்றை வீட்டில் கடைசியாகப் பிறந்த ஜீவன் தலையில் கட்டிவிட்டு, அந்த மூட்டைக்குத் திறமை என்று பெயர் வைப்பார்கள்.

"புது எடத்துல சைட்டு நிக்குமில்லடி?"

"நிக்கும்மா."

எந்த ஆதாரத்தில் அப்படிச் சொன்னாள்? பாத்திரத்தின் மனநிலையை இங்கே நான் ஆழமாக விளக்க வேண்டும். விளக்கம் இதுதான்: எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மாலை அம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடைல சொல்லிட்டேன், இந்த வாரத்தோட நின்னுக்கறேன்னு. மேனேஜர் ஒரு வார்த்த இருங்கன்னு சொல்லணுமே! அடுத்த நிமிஷமே வேற ஆளுக்கு ஃபோன போட்டுட்டாரு. போகட்டும். நீதான் நிக்கும்னுட்டியே."

அவள் இடது கைக் கட்டைவிரலில் அன்றோடு நகம் தீர்ந்தது.

5

இடம் தேடினாள். எல்லாக் கம்பெனிப் பக்கத்திலும் ஒரே பெண், காதில் ஹெட்ஃபோன், வாய் நிறையப் பல். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அதே சிரிப்பு. வேலையை விட்டு அனுப்பினால்கூட இப்படித்தான் சிரிப்பாள் போல. அவளுக்குக் கீழே மூன்று பெட்டி. நடுப்பெட்டியின் தலையில் 'அதிகம் பேர் விரும்புவது' என்று ஒரு ரிப்பன். யார் அந்த அதிகம் பேர், எங்கே போய் விரும்பினார்கள் என்று தெரியாது. முதல் பெட்டியில் வீடு கிடைக்கும், கதவு கிடையாது. கதவு நடுப்பெட்டியில். பூட்டு வேண்டுமென்றால் மூன்றாவது.

'வரம்பற்ற இடம்*' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தின் அடிமட்டம் வரை இறங்கினாள். அங்கே சாம்பல் தரையில் சாம்பல் எழுத்து: நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது. நியாயம் என்றால் எவ்வளவு? அதற்கு வேறு பக்கம். அங்கே போனால்: நியாயம் எதுவென்று கம்பெனி அவ்வப்போது முடிவு செய்யும்.

'முதல் வருடம் கிட்டத்தட்ட இலவசம்**.' நட்சத்திரம் இரண்டானால் நெஞ்சு இரண்டு மடங்கு அடித்துக்கொள்கிறது. இரண்டாம் வருட விலையைக் கண்டுபிடிப்பது, மாமாவிடம் கைமாற்றைத் திருப்பிக் கேட்பது போல. பேச்சு எங்கெங்கோ போகும், விஷயத்துக்கு வராது.

சரி, நடுநிலையான ஆட்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தாள். 'சிறந்த பத்து ஹோஸ்டிங்' பட்டியல்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றில் முதலிடம் வாங்கியது இன்னொன்றில் ஆளையே காணோம். அடியில் மீண்டும் சாம்பல்: எங்கள் வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கலாம். கிடைக்கலாமாம்! வாயெல்லாம் சாக்லேட்டோடு நின்றுகொண்டு 'நான் தின்றிருக்கலாம்' என்கிறார்கள்.

[இந்த இடத்தில் சர்வர், பேண்ட்விட்த் பற்றி ஒரு பத்தி இருந்தது. எழுதிய எனக்கே புரியவில்லை. எடுத்துவிட்டேன். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.]

மாலை வேளை. மாமா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன விஞ்ஞானி, முடிஞ்சுதா?"

"எதுன்னு தெரியல மாமா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"அப்ப கண்ண மூடிட்டு பெருசா ஒண்ணத் தட்டு. பெருசுன்னா நல்லதாத்தான் இருக்கும்."

"விழுந்துட்டா?"

"நீதானம்மா பாத்து வாங்கின," என்றார் மாமா. இன்னும் வாங்கவே இல்லை. அதற்குள் இறந்தகாலத்துக்குப் போய்விட்டார்.

6

திரையில் திறந்திருந்த கம்பெனிப் பக்கத்தின் மூலையில் ஒரு குமிழி துள்ளியது. 'வணக்கம்! நான் உங்கள் தோழி. எப்படி உதவட்டும்?' அவள் தட்டினாள்.

அவள்: சனிக்கிழமை நிறைய பேர் வருவாங்க. எந்த ப்ளான் எடுத்தா சைட் விழாது?

தோழி: அருமையான கேள்வி! எங்கள் எல்லா ப்ளான்களும் வரம்பற்றவை!

அவள்: அப்ப சின்னதே போதுமா?

தோழி: அருமையான கேள்வி! பெரியது இன்னும் வரம்பற்றது!

அவள்: ஆளு யாராவது இருக்கீங்களா

தோழி: அருமையான கேள்வி! 

அவள்: எங்கம்மா வேலைய விட்டுட்டாங்க. ப்ளீஸ்

கொஞ்ச நேரம் மூன்று புள்ளிகள் மட்டும் குதித்துக்கொண்டிருந்தன. பிறகு வந்த எழுத்தில் ஆச்சரியக்குறி இல்லை.

தோழி: இருங்க. சைட் அட்ரஸ் அனுப்புங்க

அனுப்பினாள்.

தோழி: தொறக்குது

தோழி: இன்னும் தொறக்குது

தோழி: குதிரைக்கு எதுக்கு கதவு

அவள்: அந்தக் கொழந்த போட்டிருந்துச்சு

தோழி: உள்ள யாரு இருக்கா

அவள்: தெரியாது. நாங்க கேக்கறதில்ல

தோழி: சரி ஒண்ணு சொல்லுங்க. ஃபோட்டோ எல்லாம் கேமராவுலேர்ந்து அப்படியே ஏத்தினீங்களா

அவள்: ஆமா

தோழி: சுருக்கவே இல்லையா

அவள்: சுருக்கக் கூடாது

தோழி: யாரு சொன்னா

அவள்: அம்மா

மறுபடியும் புள்ளிகள். நீளமாக.

தோழி: ஒவ்வொரு படமும் ரோட்டுல பேனர் அடிக்கிற சைஸ்ல இருக்கு. அத்தனையும் மொதல் பக்கத்துலயே வச்சிருக்கீங்க. ஒருத்தர் சைட்ட தொறந்தா ஒரு முழு சினிமாவ எறக்கற கனம். பத்து பேருக்கே மூச்சு முட்டும். இப்ப இருக்கற எடத்து மேல தப்பில்ல

அவள்: பெரிய ப்ளான் வாங்கினா?

தோழி: அப்பவும் விழும். கொஞ்சம் லேட்டா விழும். படத்த சுருக்கினா எங்க சின்ன ப்ளானே தாங்கும். எங்களுதுன்னு இல்ல, எவனோட சின்ன ப்ளானும் தாங்கும். இத நான் சொன்னேன்னு மட்டும்

அந்த வாக்கியம் அங்கேயே நின்றது. இந்தக் கதையில் பாதியில் நிற்கிற வாக்கியங்களில் இது ஒன்றுதான் நான் நிறுத்தாதது.

'உங்கள் உரையாடல் மூத்த ஆலோசகருக்கு மாற்றப்படுகிறது.'

ஆலோசகர்: வணக்கம்! உங்களைப் போன்ற படைப்பாளிகளுக்காகவே நாங்கள் உருவாக்கிய 'மகாராஜா' ப்ளான் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தோழி அதற்குப் பிறகு வரவில்லை. ஆணா பெண்ணா, வேலை இருக்கிறதா போய்விட்டதா, தெரியாது. ஒரு நல்ல கதாசிரியர் இங்கே நின்று தோழிக்கு ஒரு வாழ்க்கை கொடுத்திருப்பார். எனக்கு நேரமில்லை. மன்னித்துக்கொள், தோழி.

7

ஆக, இவ்வளவு நாள் திட்டு வாங்கிய இலவச இடம் நிரபராதி. குற்றவாளி இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ வெப்சைட் எத்தனையோ காரணத்துக்காக விழும். ஒரு குழந்தையின் கோட்டுக்கு மரியாதை கொடுத்து விழுந்தது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

சைட் கட்டிய நாளில் நடந்தது இது. அவள் முதல் படத்தை ஏற்றப் போனபோது அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"படம் பெருசா இருக்கும்மா. கொஞ்சம் சுருக்கி போடறேன்."

"சுருக்கினா கோடு மாறாதா?"

"மாறாதும்மா. கொஞ்சமா ஏதாவது—"

"கொஞ்சமான்னா மாறும்னு அர்த்தம்."

"யாருக்கும் தெரியாதும்மா."

"இங்க பாரு, இந்த மூக்கு. இந்தப் பொண்ணு மொதல்ல வேற எடத்துல போட்டிருக்கா. பிடிக்கல. அழிச்சிட்டு இங்க போட்டிருக்கா. அழிச்ச தடம் தெரியுதா? நீ சுருக்கினப்புறம் தெரியுமா?"

அவள் பார்த்தாள். காகிதம் லேசாகப் பஞ்சாகிப்போன ஓர் இடம்.

"தெரியாது."

"அவ ரெண்டு தடவ யோசிச்சிருக்காடி. அத நீ ஒரே தடவையா ஆக்கிடுவ. வேணாம். இருக்கறபடியே போடு."

போட்டாள். எல்லாவற்றையும், இருக்கிறபடியே.

அம்மா ஏன் இப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா சின்ன வயதில் வரைந்த படத்தை ஒரு டீச்சர் கிழித்துப் போட்டார், அந்தக் காயம்— இல்லை. அப்படி ஒரு டீச்சரை நான் உருவாக்க முடியும், உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் அம்மாவுக்குக் காயம் எதுவும் இல்லை. அவளுக்கு அப்படித்தான். சிலருக்கு உப்பு தூக்கலாக வேண்டும், அம்மாவுக்குக் கோடு இருந்தபடி இருக்க வேண்டும்.

8

எனவே முடிவு. ப்ளான் மாதிரியே மூன்று வைத்திருக்கிறேன். தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க முடிவு. மிகவும் எளியது. அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் மகாராஜா ப்ளானை வாங்குகிறாள். சனிக்கிழமை டி.வி.யில் பொம்மை வருகிறது, முகவரி வருகிறது, சைட் கொஞ்சம் லேட்டாக விழுகிறது. ஆர்டர் இல்லை, திரைச்சீலைக் கடையில் அம்மாவின் நாற்காலியும் இல்லை. 'நீதானம்மா பாத்து வாங்கின,' என்கிறார் மாமா, இந்தமுறை சரியான காலத்தில்.*

குடும்ப முடிவு. அதிகம் பேர் விரும்புவது! அவள் இரவோடு இரவாக எல்லாப் படத்தையும் சுருக்கிவிட்டுச் சின்ன ப்ளானை வாங்குகிறாள். சைட் கல்லு மாதிரி நிற்கிறது. ஆர்டர் குவிகிறது. மாமா பெருமையோடு தேநீர் குடிக்கிறார். அம்மாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது.**

உச்ச முடிவு. அவள் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறாள். அம்மா அவள் தலையைக் கோதி, "கோடு காகிதத்துல இல்லடா கண்ணு, மனசுல இருக்கு," என்கிறாள். இருவரும் அழுகிறார்கள்.***

* பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. அம்மாவும் அப்பாவும் திட்ட மாட்டார்கள். அதுதான் தாங்காது.

** வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அம்மா, 'இதுல ஒரு கோடு கூட நாங்க மாத்தல,' என்று சொல்வாள். சொல்லும்போது பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள், ஆயுள் முழுக்க.

*** அம்மா என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்டதே இல்லை. இந்த வசனத்தை எழுதியதற்காக என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம்.

9

மூன்றும் உதவவில்லை. நேராக எழுதிப் பார்க்கிறேன்.

அவள் குதிரையின் படத்தை எடுத்துச் சுருக்கினாள். பழையதையும் புதியதையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். இன்னொரு ஜன்னலில் சின்ன ப்ளான், அதற்கு அடுத்ததில் மகாராஜா, இரண்டும் வாங்கத் தயாராகக் காத்திருந்தன. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அம்மா மெஷினில் குனிந்திருந்தாள். டி.வி.க்கு எடுத்துப் போகப் புதிதாக ஒரு பொம்மை, தலை இன்னும் தைக்கவில்லை.

"என்ன, வாங்கிட்டியா?"

"இல்லம்மா."

"தூங்கலாமில்ல வாங்கிட்டு. நாளைக்கு எனக்கும் கடைல கடைசி நாளு. புது ஆளுக்கு மெஷின காட்டணுமாம். காட்டறேன், எனக்கென்ன."

"அம்மா, அந்த எடம் காரணமில்லம்மா."

"எந்த எடம்?"

"சைட்டு விழுந்ததுக்கு. படம்தான் காரணம். பெருசு பெருசா இருக்கறதால. சுருக்கினா நிக்கும். சுருக்கலன்னா எங்க வச்சாலும் விழும்."

மெஷின் நின்றது.

"நிக்கும்னு சொன்னியே."

"சொன்னேன். தெரியாம சொன்னேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தீங்க."

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத்— (அம்மா வேலை செய்யும்போது நைட்டிதான்) நைட்டியின் முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அவள் லேப்டாப்பைத் துணிக் குவியலின் மேல் வைத்தாள்.

"ரெண்டு இருக்கு பாரும்மா. ஒண்ணு பழசு, ஒண்ணு சுருக்கினது. எது எதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அம்மா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். மூச்சு திரையில் படிந்தது. பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு—

"ரெண்டும் ஒண்ணுதானேடி," என்றாள் அம்மா.

அழித்துவிட்டேன்.

"இதுல குளம்பு மழுங்கியிருக்கு," என்று சுருக்கிய படத்தின் மேலேயே சரியாக விரலை வைத்தாள் அம்மா. "வேணாம். விழுந்தா விழட்டும். இன்னொரு வேல தேடிக்கறேன்."

அழித்துவிட்டேன்.

"சுருக்கிக்கோ. ஆனா பக்கத்துலயே எழுதிப் போடு, இது சின்னதா ஆக்கினது, முழுசா பாக்கணும்னா வீட்டுக்கு வாங்கன்னு."

இது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன். இதையும் அழித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கதையில் வருகிற அம்மா நான் என்ன தட்டினாலும் அதையே சொல்கிறாள். பதினாறு வருடத்தில் முதல்முறையாக அம்மா நான் சொன்னபடி கேட்கிறாள், எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. இத்தனை நேரமாக நான் செய்துகொண்டிருந்தது என்னவென்றும் இப்போதுதான் தெரிகிறது. அந்த அறைக்குள் எனக்கு முன்னால் இந்த 'அவளை' அனுப்பிப் பார்த்திருக்கிறேன், திட்டு விழுந்தால் அவள் மேல் விழட்டும் என்று. பாவம், 'உனக்குத்தானே தெரியும்' என்று அவள் தலையில் நானும் கட்டிவிட்டேன்.

அடுத்த அறையில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. கதையில் இல்லை, இங்கே. அம்மா நூல் மாற்றுகிறாளா, படுக்கப் போகிறாளா தெரியவில்லை. படுத்துவிட்டால் எழுப்ப எனக்கு மனம் வராது. காலையில் கேட்கலாம் என்று நினைப்பேன், காலையில் அம்மா வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவாள்.

ஆகவே அம்மாவின் அந்த வசனத்தை எழுதப்போவதில்லை. விரலால் தொட்ட படம் எது, தொட்டாளா இல்லையா, எந்த ப்ளானை வாங்கினோம், சனிக்கிழமை சைட் நின்றதா என்று எதற்கும் என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். அம்மாவை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். நீங்களே பேசவைத்துப் பாருங்கள், ஆனால் அவளை நல்லவளாக்கிவிடாதீர்கள். கழுத்து இல்லாத இடத்தில் கழுத்து வைக்காதீர்கள்.

நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கதவு சாத்தித்தான் இருக்கிறது, தாழ் போடவில்லை.

"அம்மா," என்றேன்.